பிரிவு உபசாரம்

உள்ளே வாருங்கள் தம்பி. செருப்பு அங்கேயே இருக்கட்டும், யாரும் எடுக்கமாட்டார்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். காற்று வரும்.

புரோக்கர் சொன்னார். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பவர், அமைதியான பையன் என்று. அமைதி என்றதும் கொஞ்சம் யோசித்தேன். பிறகு, பரவாயில்லை வரச்சொல்லுங்கள் என்றேன். பழகினால் எல்லோரும் பேசுவார்கள்.

அறையை அப்புறம் பார்க்கலாம். அது எங்கே ஓடிவிடப்போகிறது. காபி குடிக்கிறீர்களா? வேண்டாமா? தண்ணீராவது குடியுங்கள். கீழ்க்கட்டளைத் தண்ணீர் உப்பு என்பார்கள். இது கேன் தண்ணீர்தான்.

வாடகை நீங்கள் சொல்வதுதான். அட்வான்ஸ் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. எனக்கு பென்ஷன் வருகிறது. ஒரு ஆள் வீட்டில் நடமாடவேண்டும், அவ்வளவுதான். நெட் கனெக்ஷன் இன்னும் ஓடுகிறது, நான் நிறுத்தவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் எல்லாம் நானே ஆள்வைத்துப் போட்டது. என் பெண்ணுக்காக. சுகந்தி. அவளுடைய அறைதான் அது.

இல்லை, கல்யாணமாகிப் போகவில்லை. வேறு இடத்தில் இருக்கிறாள். இதே ஊரில்தான்.

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தில் வேறு மாதிரி சொல்வார்கள். கீழ்வீட்டு அம்மா சொல்வாள். அதற்குமுன் நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் வேலை பார்த்தது சைதாப்பேட்டையில் ஒரு அரசு அலுவலகம். ஒரே ஹால். எல்லோரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். கதவு என்று ஒன்று இருந்தது அதிகாரி அறைக்கு மட்டும்தான், அதையும் யாரும் மூடிப் பார்த்ததில்லை. ஒருவன் வீட்டில் சண்டையென்றால் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். மதியம் என் டப்பாவில் நான் சாப்பிட்டதேயில்லை. யாரோ சாப்பிடுவார்கள், யாருடையதையோ நான் சாப்பிடுவேன். என் மனைவி போனபிறகும் எனக்கு ஒரு நாள்கூட சாப்பாட்டுக்குக் கஷ்டம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனமகிழ் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். ரிடையர் ஆகிறவர்களுக்கெல்லாம் பிரிவு உபசாரம் ஏற்பாடு செய்வது என் வேலை. சும்மா கைகுலுக்கி அனுப்புவதில்லை தம்பி. மாலை, சால்வை, நடுவில் அவரை உட்காரவைத்து ஒரு குரூப் போட்டோ. பிறகு வேன் பிடித்து எல்லோருமாக அவரை வீடுவரைக்கும் கொண்டுபோய் விடுவோம். அதுதான் முக்கியம். மாலையும் கழுத்துமாக அவர் இறங்குவார், தெருவே பார்க்கும், நாங்கள் அத்தனை பேரும் அந்த வீட்டுக்குள் நுழைந்து காபி குடித்துவிட்டு வருவோம். இல்லாவிட்டால் ஒரு மனுஷன் தனியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போய், நாளையிலிருந்து வேலை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவேண்டும். அது எவ்வளவு கொடுமை. யாரையும் நான் அப்படி அனுப்பியதில்லை. லஞ்சம் வாங்கி மாட்டினவருக்குக்கூட மாலை போட்டேன்.

என் முறை வந்தது. அந்த வருஷம் மார்ச் கடைசி. ஊரடங்கு. உங்களுக்குத் தெரியும்.

வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தேன். அன்றைக்குக் காலையில் போட்டுக்கொண்டு இதே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். போனில் பூங்கொத்துப் படம் வந்தது. கும்பிடுகிற கை நிறைய வந்தது. சாயங்காலம் சட்டையைக் கழற்றி மடித்துவைத்தேன். நிலைமை சரியானதும் செய்துவிடலாம் கோதண்டம் சார் என்றார்கள். நிலைமை சரியானது. அதற்குள் புதுச் செயலாளர், புது ஆட்கள். விடுங்கள்.

ஆனால் பாருங்கள், கடவுள் ஒரு வாசலை மூடினாலும் நம்மைச் சும்மா உட்காரவைக்கவில்லை. என் ஆபீஸ் போன அதே மாதம் சுகந்தியின் ஆபீஸ் வீட்டுக்குள் வந்துவிட்டது.

சோழிங்கநல்லூரில் பெரிய கம்பெனி. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் வேலை. அதுவரைக்கும் காலையில் கம்பெனி பஸ்ஸில் போவாள், இருட்டியபின் வருவாள், சாப்பிடுவாள், படுப்பாள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. இப்போது எல்லாம் கண்முன்னால். காலையில் மீட்டிங். கட்டம் கட்டமாக முகங்கள். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். முதல் வாரம் கேமராவில் தெரியாமல். பிறகு ஒரு நாள் அந்த ரெஜினா, அவள் கூட வேலை பார்க்கிற பெண், "சுகந்தி, பின்னாடி யாரு, அங்கிளா? வணக்கம் அங்கிள்!" என்றாள். அதிலிருந்து நானும் முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டுதான் உட்காருவேன்.

எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும் தம்பி. மானேஜர் முரளீதரன் என்று ஒருவர். "என்ன அங்கிள், இன்னிக்கு என்ன சமையல்?" என்று என்னிடம்தான் முதலில் கேட்பார். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய மாமியாருக்குக் காய்ச்சல், எல்லாம் எனக்கு அத்துப்படி. சுகந்திக்குத் தெரியாது. "உன் பக்கத்து சீட் பையனுக்கு நிச்சயதார்த்தம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டால், "அப்படியா" என்பாள்.

அவள் சுபாவம் அது. சின்ன வயசிலிருந்தே. விருந்தாளி வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். அவள் அம்மா விட்டுவிடுவாள். நான் கையைப் பிடித்து அழைத்துவந்து நடுவில் உட்காரவைப்பேன். விட்டால் வளராது, இல்லையா?

மீட்டிங் முடிந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். வேலை இருக்கிறதே என்று நானும் சும்மா இருந்தேன். ஒரு நாள் லேசாகத் தள்ளிப் பார்த்தால், கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. இவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னம்மா யோசிக்கிறே?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாம ஒருத்தர் சுவத்தைப் பாப்பாங்களா?"

"பேசிப் பேசி தீந்துபோச்சுப்பா. கொஞ்ச நேரம் இருந்தா சரியாயிடும்."

தீர்ந்துபோச்சாம். பேச்சு என்ன, கேஸ் சிலிண்டரா? நான் ஒரு நாளில் பேசுவதை அவள் ஒரு மாதத்தில் பேசமாட்டாள். எனக்குத் தீரவில்லையே. மறுநாளிலிருந்து உள்ளே தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள்.

தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு வெளியே நீங்கள் உட்கார்ந்ததுண்டா? ஆள் இருக்கிறது என்று தெரியும். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கும். ஆனால் அந்த ஆள் உங்களுக்கு இல்லை. ஆளே இல்லாத வீடு தேவலை. ஒரு டீ எடுத்துக்கொண்டு தட்டுவேன். கொஞ்ச நேரம் கழித்து, பிஸ்கட். மதியம் குழம்புக்கு என்ன காய் போட என்று கேட்பேன். திறப்பாள், சொல்வாள், மூடுவாள். கோபப்பட மாட்டாள். அதுதான் எனக்குப் புரியாது. சத்தம்போட்டால் பதில் சொல்லலாம்.

அந்த வருஷம் மழையில் கதவு உப்பிக்கொண்டது. நம் தெரு முனையில் ஏழுமலை என்று ஒரு ஆசாரி. கூப்பிட்டுக் கதவை இழைக்கச் சொன்னேன். அப்படியே தாழ்ப்பாளையும் கழற்றிவிடு என்றேன். எதுக்கு சார் என்றான். பூட்டிக்கொண்டு உள்ளே மயங்கிவிழுந்தால் யார் பார்ப்பது? வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நியாயம்தானே? குளித்துவிட்டு வந்தவள் கதவைப் பார்த்தாள். ஆணி இருந்த ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். வேண்டும் என்று அப்போது சொல்லியிருந்தால் மறுபடி போட்டிருப்பேன்.

பிறகு ஆபீஸ் திறந்தார்கள். வரவேண்டும் என்று மெயில். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஐயோ போகணுமே என்று புலம்புகிறார்கள். இவள் முதல் நாளே பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கிறாள். "கூட்டமே உனக்கு ஆகாதே, அங்கே நூத்துக்கணக்கில ஆளாச்சே?" என்றேன்.

"அங்கே யாரும் என்ன யோசிக்கிறேன்னு கேக்கமாட்டாங்கப்பா" என்றாள்.

பாவம் என்று நினைத்தேன். கேட்க ஆளில்லாத இடத்துக்குப் போகவேண்டியிருக்கிறதே என்று.

அந்த மாதங்களை நான் சொல்லப்போவதில்லை. காலையில் சட்டை போட்டுக்கொண்டு அவள் அறையில் போய் உட்காருவேன். மேஜை இருக்கும், கம்ப்யூட்டர் இருக்காது. பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். குரல் போய்விடக்கூடாது பாருங்கள். போன் வந்தால் ராங் நம்பரிடம்கூட ஊர் கேட்பேன்.

ஒரு நாள் ரெஜினாவுக்கு நானே போன் செய்தேன். நம்பர் என்னிடம் இருந்தது. பேச்சுவாக்கில் கேட்டேன், "தினமும் இவ்வளவு தூரம் வரச் சொல்றாங்களே, உங்க மானேஜர்கிட்ட யாராவது பேசக்கூடாதா?"

"தினமுமா? வாரத்துல ரெண்டு நாள்தான் அங்கிள். மத்த நாள் வீட்லேருந்து பாக்கலாம். சுகந்திதான் எல்லா நாளும் வந்துடறா. சனிக்கிழமைகூட. நாங்க அவளை வாட்ச்மேன்னு கிண்டல் பண்ணுவோம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சுகந்தியிடம் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் அந்த "ஒண்ணுமில்லப்பா" வரும். நான் முப்பது வருஷத்துக்குமேல் ஆபீஸ் பார்த்தவன். எந்தக் காரியத்துக்கு யாரிடம் போகவேண்டும் என்று தெரியும். முரளீதரனிடம் பேசினேன். எனக்கு நெஞ்சில் பிரச்சினை, தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்கிறார், பெண்ணுக்கு உங்களிடம் கேட்கத் தயக்கம் என்றேன். முழுப் பொய் இல்லை தம்பி. சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவர் உருகிவிட்டார். "நீங்க கவலையே படாதீங்க அங்கிள், நான் பாத்துக்கறேன்" என்றார். மேலிடம்வரை போய் அனுமதி வாங்கி, இனி எப்போதும் வீட்டிலிருந்தே வேலை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார். எல்லோரையும் கூட்டிவைத்துத்தான் அறிவித்தாராம். கைதட்டினார்களாம். அங்கே அவள் சீட்டைக்கூட வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மதியமே வந்துவிட்டாள். கையில் ஒரு பை. அதில் ஒரு கப், ஏசிக்குப் போர்த்திக்கொள்கிற ஷால், மேஜையில் வைத்திருந்த சின்னச் செடி. பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"உங்களுக்கு நெஞ்சு வலியாப்பா?"

"இப்ப இல்லம்மா. அப்பப்ப."

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, ஒன்றும் இல்லை. நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

ஆனால் முன்பு மாதிரி இல்லை. மேஜையைக் கதவுக்கு முட்டாக நகர்த்திப்போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம்தான் சிக்னல் நன்றாக இருக்கிறதாம். நான் உள்ளே போகவேண்டுமென்றால் அவள் எழுந்து, மேஜையை இழுத்து, வழிவிடவேண்டும். சளைக்காமல் செய்வாள். காதில் எப்போதும் அந்த ஹெட்போன். மீட்டிங்கில் முகம் காட்டுவதில்லை, குரலும் இல்லை, டைப் அடித்தே பதில் சொல்கிறாள் என்று ரெஜினா சொன்னாள். "அவளுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா அங்கிள்?" என்றாள். சாப்பாடும் குறைந்துவிட்டது. இட்லியைப் பிட்டுத் தட்டில் ஓரமாகச் சேர்த்து வைப்பாள். சட்டை தோளில் நிற்காமல் நழுவும்.

மனுஷ முகம் பார்க்காமல்தான் இப்படி ஆகிறாள் என்று எனக்குப் பட்டது. யாருக்கும் அப்படித்தானே படும்? அவளுக்குப் பிறந்தநாள் வந்தது, சனிக்கிழமை. ரெஜினாவிடமும் முரளீதரனிடமும் சொல்லி, எல்லோரையும் வீட்டுக்கு வரச்சொன்னேன். அவளுக்குத் தெரியக்கூடாது என்றேன். அவர்களே வேன் வைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். வேன் என்றதும் எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. ஓடிப்போய் கேசரிக்கு ரவை வாங்கினேன், போண்டாவுக்குச் சொன்னேன். மாலை வாங்கினேன். சால்வையும். பிறந்தநாளுக்கு யாரும் சால்வை போடமாட்டார்களா என்ன? வாங்கினேன்.

அன்று மதியம் அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கழுத்து கொஞ்சம் இறுக்கியது.

கீழே வேன் நின்றது. படியில் ஒரே சத்தம், சிரிப்பு. நான் வாசல் கதவைத் திறக்கப் போனேன். பின்னால் மேஜை நகர்கிற சத்தம் கேட்டது. சரி, வருகிறாள் என்று நினைத்தேன். எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஹால் கொள்ளவில்லை. இந்த ஹாலில் அத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை தம்பி. அறையில் பார்த்தால் அவள் இல்லை. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. முகம் கழுவுகிறாள், வந்துவிடுவாள் என்றேன்.

போண்டா சாப்பிட்டார்கள், காபி சாப்பிட்டார்கள். நான் என் ஆபீஸ் கதையெல்லாம் சொன்னேன். மாலை மேஜைமேல் வாடிக்கொண்டிருந்தது. முரளீதரன் பார்த்தார். "அங்கிள், உங்களுக்குத்தான் ஊரடங்குல ஃபேர்வெல்லே நடக்கலயாமே, ரெஜினா சொன்னா" என்று சொல்லி, எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். சால்வையும் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என்னை நடுவில் உட்காரவைத்து எடுத்ததுதான், உங்கள் தலைக்குமேல் மாட்டியிருக்கிறதே, அந்தப் போட்டோ. பாருங்கள். நல்ல பிரேம் போட்டேன்.

சுகந்தியா? அதில் எங்கே என்கிறீர்களா? எல்லோருக்கும் பின்னால், வலது பக்கம் ஒரு பச்சைக் கதவு தெரிகிறதே. அதற்குள்.

போட்டோ எடுத்தபிறகும் வரவில்லை. தட்டினேன். "சுகந்தி, எல்லாரும் வந்திருக்காங்கம்மா." தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. அவர்கள் வாங்கிவந்த கேக்கில் மெழுகுவத்தி ஏற்றிக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய், எல்லோரையும் நிற்கவைத்து, பாடுங்கள் என்றேன். பாடினார்கள். முதலில் சத்தமாக, பிறகு ஒவ்வொருவராகக் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் நான் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ரெஜினா என் கையைப் பிடித்தாள். "விட்டுடுங்க அங்கிள். நாங்க கிளம்பறோம். நாங்க போனா அவளே வந்துடுவா."

"அவளைப் பாக்காம எப்படிம்மா போவீங்க? உக்காருங்க" என்றேன். உள்ளே மயங்கிக் கிடந்தால்? எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஏழுமலைக்குப் போன் செய்தேன். பையோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினான்.

"சார், உள்ள பொண்ணு இருக்குதுங்க. குரல் குடுக்கச் சொல்லுங்க."

"குரல் குடுத்தா உன்னை ஏன்யா கூப்பிடறேன்?"

உளியை இடுக்கில் விட்டு நெம்பினான். தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்து உள்ளே விழுந்தது.

ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். அதன் ஒயர் எதிலும் சொருகாமல் தரையில் ஈரத்தில் கிடந்தது. தலையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். முரளீதரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரெஜினா கேக்கில் அடிவரை எரிந்துவிட்டிருந்த மெழுகுவத்தியைக் கையாலேயே அணைத்தாள்.

சுகந்தி எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "வாங்க" என்றாள். "எல்லாரும் வாங்க. எப்ப வந்தீங்க?"

பார்த்தீர்களா? அவ்வளவுதான் விஷயம். கேக் வெட்டினாள். எல்லோருக்கும் அவள் கையாலேயே கொடுத்தாள். எனக்கும் ஊட்டினாள். பிளேட்டெல்லாம் கழுவி வைத்தாள். சிரித்தாள்கூட. கொஞ்சம் அழுத்திக் கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது சரியாகப் போயிற்று.

மறுநாள் காலையில் நான் பால் வாங்கிவிட்டு வருவதற்குள் போய்விட்டாள். ஷாலையும் கப்பையும் எடுத்துக்கொண்டாள். செடியை விட்டுவிட்டாள். தினம் தண்ணீர் ஊற்றுகிறேன், ஏனோ அழுகிப்போய்விட்டது.

குரோம்பேட்டையில் பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒரே அறையில் நாலு பேராம். இங்கே தனி அறை. கம்பெனியில் மறுபடி சீட் கேட்டு வாங்கி, எல்லா நாளும் ஆபீஸ் போகிறாள். "நல்லா இருக்கா அங்கிள், இப்ப எங்ககூட உக்காந்துதான் சாப்பிடறா, பேசறா" என்று ரெஜினா சொன்னாள். பிறகு ரெஜினாவும் போன் எடுப்பதில்லை. வேலை அதிகம் போல. சுகந்தி என் நம்பரை எடுத்தால்தானே.

ஆனால் பாருங்கள், ஆபீஸ் பக்கத்திலேயே எத்தனை ஹாஸ்டல் இருக்கிறது. ஏன் குரோம்பேட்டை? அங்கிருந்து கம்பெனி பஸ் நம் ஜங்ஷன் வழியாகத்தான் போகவேண்டும். அப்பாவைத் தினமும் பார்க்கலாம் என்றுதான். வேறு என்ன? காலையில் சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பேன். சிக்னலில் பஸ் நிற்கும். ஆரம்பத்தில் இந்தப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இப்போது அந்தப் பக்கம் மாறிவிட்டாள். இந்தப் பக்கம் காலை வெயில் முகத்தில் அடிக்கும். நான் கையை ஆட்டுவேன். டிரைவர் திரும்பி ஆட்டுவார். நல்ல மனுஷன்.

சரி, என் கதையே ஆகிவிட்டது. உங்களுக்கு மீட்டிங் காலையிலா, சாயங்காலமா? உங்கள் கூட வேலை பார்ப்பவர்கள் தமிழ் பேசுவார்களா? நான் தொந்தரவு செய்யமாட்டேன். பின்னால் ஒரு நாற்காலி போதும்.

பாத்ரூமா? தாராளமாக. அதோ, அந்தப் பச்சைக் கதவுதான். லைட் வெளியே இருக்கிறது, இருங்கள், நானே போடுகிறேன். தாழ்ப்பாள் இல்லை. ஏழுமலையிடம் சொல்லவேண்டும், சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சும்மா சாத்திக்கொள்ளுங்கள், நிற்கும். யார் வரப்போகிறார்கள்? நான் இங்கேயேதான் நிற்கிறேன்.

உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்கவே இல்லையே. தம்பி? அப்பா அம்மா இருக்கிறார்களா?

என்ன சத்தம்? பக்கெட்டை ஏன் நகர்த்துகிறீர்கள் தம்பி? கதவுக்கா? அது வேண்டாம், வழுக்கும். கேட்கிறதா? ஒரு வார்த்தை பேசுங்கள், போதும். நான் நகர்ந்துவிடுகிறேன்.

தம்பி?